காதா, கண்ணா?

குழந்தைகளே! ஊர் நோம்பியில் மைக் செட் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒயர் மெலிதாகவும் மிக நீளமாகவும் இருந்தால், கடைசி ஸ்பீக்கரில் சத்தம் குறையும். ஒயரின் மின்தடையே காரணம்.

வீட்டுக்கு 3 மீட்டர் ஒயர் போதும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில், போக வரச் சேர்த்து மின்தடை சுமார் 0.04 ஓம்தான். ஸ்பீக்கருக்கோ 8 ஓம்! இந்த இழப்பு காதுக்குத் தெரியாது. ஆனாலும், விலை உயர்ந்த ஒயரில் பாட்டு இனிக்கிறது என்பார்கள் சிலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. விலையைப் பார்த்த கண், காதை ஏமாற்றிவிடுகிறது.

வயலினிலும் இதே கதைதான். 2010ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில், 21 கலைஞர்கள் கறுப்புக் கண்ணாடி அணிந்து, எது பழையது, எது புதியது என்று தெரியாமல் வயலின்களை வாசித்தனர். பல கோடி ரூபாய் பெறும் பழையவற்றை விட்டு, 13 பேர் புதியதையே விரும்பினர்!

நீங்களும் சோதிக்கலாம். ஒரே பாட்டு, ஒரே சத்தம், இரண்டு ஒயர்கள். ஒவ்வொரு முறையும் பெரியவர் ஒருவர் நாணயம் சுண்டி, கருவியை அணைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் ஒயரை மாற்றட்டும். 10 முறை கேளுங்கள். குத்துமதிப்பாகச் சொன்னாலே 5 சரியாகிவிடும். 9 சரியானால் நம்பலாம்.

கடைக்காரர் சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி, சோதித்த பிறகே நம்புங்கள்!