அரியலூர்ப் பாறையைப் படித்துவிட்டு வானத்தைப் படிக்கப் போனவர்

ஊட்டத்தூர்ப் பக்கமிருந்து கிழக்கே அரியலூரை நோக்கிப் போகப் போக, காலுக்குக் கீழே இருக்கும் பாறையின் வயது குறைந்துகொண்டே வரும். மேற்கே இருப்பது மிகப் பழைய கடினப் பாறை நிலம். 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடல் அதுவரை ஏறி வந்திருந்தது. பிறகு பல கோடி ஆண்டுகள் அது உள்வாங்குவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்து, சேற்றையும் மணலையும் சுண்ணாம்பையும் அடுக்கடுக்காக விட்டுச் சென்றது. காரை கிராமத்து ஓடைச் சரிவில் மழை ஓய்ந்த மறுநாள் குனிந்து பார்த்தால் போதும். ஜிப்சம் சில்லுகள் வெயிலில் மின்னும். நடுவே விரல் தடிமனில், ஒரு முனை கூராக, பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கல்துண்டுகள் கிடக்கும். கணவாய் இனத்தைச் சேர்ந்த, இன்று பூமியிலேயே இல்லாத பெலம்னைட் என்ற உயிரியின் உள்கூட்டுத் துண்டுகள் அவை.

இந்த அடுக்குகளை முதன்முதலில் ஒழுங்காகப் பிரித்துக் காட்டியவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்ட். 1834இல் லண்டனில் பிறந்தவர். 1855இல் அண்ணன் வில்லியமோடு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். ஒடிசாவின் தால்ச்சேர் நிலக்கரிப் பகுதியில் வேலை பழகியபின், 1850களின் பிற்பகுதியில் அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு வந்தார். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அன்று அதற்குள் அடக்கம். இருபதுகளில் இருந்த அந்த இளைஞரின் அறிக்கை 1862இல் வெளியானது.

அவருக்கு முன்பே, 1840களில், கேய், கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் இந்தப் பக்கத்துப் புதைபடிவங்களைத் திரட்டியிருந்தார்கள். லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்தார். ஆனால் பெட்டியில் கப்பலேறிய சங்கு, தான் எந்த அடுக்கில் கிடந்தது என்று சொல்லாது. பிளான்ஃபோர்ட் அந்த அடுக்கைத் தேடி நடந்தார். எந்தப் பாறை எதன்மேல் படிந்திருக்கிறது, எந்தச் சிப்பி எங்கே மறைகிறது, எங்கே புதியது தலைகாட்டுகிறது என்று பார்த்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று பிரிவுகளாக வகுத்தார். நம்மூர்ப் பெயர்கள் உலகப் புவியியல் நூல்களில் ஏறியது இப்படித்தான். அரியலூர்ப் பிரிவின் மேலடுக்கை நிணியூர் என்று பின்னால் வந்தவர்கள் தனியே பிரித்தார்கள். மற்றபடி அவர் போட்ட அடித்தளம் இன்றும் நிற்கிறது. மொராவியாவிலிருந்து வந்த பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860களில் தொடங்கி எழுதிய பெருந்தொகுதிகளும் அதன்மேல் எழுந்தவையே.

கண்ணால் கண்டதைச் சேர்த்து, ஒப்பிட்டு, பட்டியலிட்டு, அதன்பிறகே முடிவுக்கு வரவேண்டும் என்ற இந்த வழியை வற்புறுத்தியவர் பிரான்சிஸ் பேக்கன் (1561–1626). இங்கிலாந்தின் லார்டு சான்சலராக இருந்தபோதே, 1620இல், அறிவியல் முறை பற்றிய தம் முக்கிய நூலை வெளியிட்டார். மறுவருடமே கையூட்டுக் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு பதவி இழந்தார். ஆனால் அவர் விட்டுச் சென்ற யோசனை பெரியது. இயற்கையை அறிவது தனி மேதை ஒருவரால் ஆகிற காரியமல்ல. பலர் கூடி, நிறுவனமாக, தலைமுறை தலைமுறையாகச் செய்யவேண்டிய பணி என்றார். இந்தியாவில் அந்த நிறுவனங்களைக் கட்டியது காலனி அரசு. நிலக்கரியும் கனிமமும் அதன் முதல் தேவை. பிளான்ஃபோர்ட் போன்றவர்களுக்கு ஓடையையும் மேட்டையும் காட்டிய உள்ளூர்க்காரர்களின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெறாமல் போனது பெரிய அநியாயம்.

1862இல் பிளான்ஃபோர்ட் புவியியல் ஆய்வுத் துறையை விட்டுவிட்டு கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 1864இல் அந்த நகரத்தைப் பெரும்புயல் தாக்கியது. அதைப் பற்றிய அறிக்கையை எழுதிய இருவரில் அவரும் ஒருவர். பாறையிலிருந்து காற்றுக்கும் மழைக்கும் தாவியது போலத் தெரியும். பழக்கம் என்னவோ ஒன்றுதான். ஒவ்வொரு மாகாணமும் தன் போக்கில் குறித்துவந்த மழை, வெப்ப அளவுகளை ஒரே முறைக்குக் கொண்டுவர 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானபோது, அதன் முதல் தலைவர் அவரே. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் பிடித்தது. மழை பொய்க்குமா என்று முன்கூட்டித் தெரிந்துகொள்வது உயிர்ப் பிரச்சினையானது. இமயமலையில் வழக்கத்தைவிட அதிகமாக, நெடுநாள் பனி கிடந்தால் தென்மேற்குப் பருவமழை குறையக்கூடும் என்று 1884இல் அவர் எழுதினார். பனிக்கும் பருவமழைக்கும் உள்ள அந்த உறவை அறிவியலாளர்கள் இன்றும் ஆராய்ந்துவருகிறார்கள். 1889இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர், 1893இல் ஃபோக்ஸ்டனில் காலமானார்.

அவர் நடந்த நிலத்தில் இப்போது சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். சிமென்ட் ஆலைகள் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போடுகின்றன, அதை மறுக்க முடியாது. சுரங்கம் தோண்டுவதால்தான் அவர் காணாத ஆழத்து அடுக்குகளும் வெளியே தெரிகின்றன. சில மாதத்தில் அவையும் வெடித்து, லாரியேறி, அரைத்த மாவாகிவிடுகின்றன என்பதுதான் வேதனை. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்துக்கு வேலி போட்டு வைத்திருக்கிறோம். 1940இல் அதை வெளியுலகுக்குச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் அதே புவியியல் துறையின் முதல் இந்தியத் தலைவரானவர். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் போன புதைபடிவத்தைவிட, அது பதிந்திருந்த பாறைச் சுவர் அதிகம் பேசும். அந்தச் சுவர்கள் வெடிக்குமுன் படமெடுக்கவும், அடுக்கை அளக்கவும், மாதிரி எடுத்துக் குறிக்கவும் சுரங்க அனுமதியிலேயே ஒரு விதி வேண்டும். புவியியல் படிக்கும் நம் மாணவர்களை அந்த வேலைக்கு இறக்கலாம். சில சுவர்களையாவது, சுரங்கம் மூடியபின் மண் போட்டு நிரப்பாமல், அப்படியே விட்டுவைக்க வேண்டும்.