பட்டை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள்

கிராமத்துப் பாம்பு விழிப்புணர்வுக் கூட்டங்களில் நான்கு படங்கள் தவறாமல் இருக்கும்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பங்கு இந்த நான்கின் கணக்கில்தான். 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

ஆனால் படத்தில் பார்த்த பாம்பை வரப்பில் அடையாளம் காண்பது லேசல்ல. கட்டுவிரியனின் கறுத்த உடலில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள் இரண்டிரண்டாக ஓடும்; கழுத்துப் பக்கம் மங்கலாக இருந்து, வாலை நோக்கித் தெளிவாகும். நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்புக்குப் பட்டைகள் முன்பக்கம் பளிச்சென்றிருந்து பின்னால் மங்கும். டார்ச் வெளிச்சத்தில், பதற்றத்தில் இதையெல்லாம் யார் சரிபார்ப்பது?

நிறத்தைவிடப் பாம்பின் பழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பதே மேல். கட்டுவிரியன் இரவாளி. தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். வலி, வீக்கம் அதிகம் இராது. பல்தடம்கூடக் கண்ணில் படாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்றதும், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் கஷாயம் வைப்பார்கள். அதற்குள் இமைகள் தொங்கத் தொடங்கும். நரம்பின் கட்டளை தசைக்குப் போகாமல் நஞ்சு தடுப்பதால், கடைசியில் மூச்சும் நிற்கும். கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகுவதும் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும்.

கண்ணாடி விரியன் எலியைத் தேடி நெல்வயலுக்கு வருவது. குக்கர் ஆவிபோலச் சீறும். அறுப்பு நேரத்தில் காலுக்கு ரப்பர் பூட்ஸ், இருட்டில் கைக்கு டார்ச். வீட்டை ஒட்டி விறகு அடுக்காதீர்கள்.

கடிபட்ட பிறகு எந்தப் பாம்பு என்ற ஆராய்ச்சி வேண்டாம். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த நான்கு பாம்புகளின் நஞ்சையும் எடுத்துத் தருகிறது. அதைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தித் தயாரிக்கும் மருந்து நான்குக்கும் பொதுவானது. மருத்துவர் அறிகுறிகளைப் பார்ப்பார். கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்ப்பார். பாம்பை அடித்துக் கொண்டுவரச் சொல்லமாட்டார். அடிக்கப் போனால் இரண்டாவது ஆளும் கடிபடலாம்.

இறுக்கக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள். நஞ்சுமுறி மருந்து இருப்பில் உள்ள அரசு மருத்துவமனை உங்கள் ஊருக்கு அருகில் எது என்று இன்றே விசாரித்து வையுங்கள்.