பின்வரிசையில் நிற்பவர்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தோட்டத் திடலில் பையன்கள் பந்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் பிரிக்கும்போது எல்லாருக்குமே முன்னால் நின்று கோல் போடத்தான் ஆசை. அப்படியானால் பின்னால் நிற்பவன் யார்? வயதில் சின்னவன், அல்லது ஓட்டத்தில் சற்று மந்தமானவன், அல்லது சப்பாத்து இல்லாதவன். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வருவார்கள். கோல் விழாமல் காத்தவன் தன் சட்டையைத் தேடிக்கொண்டு தனியாக நடந்து வருவான்.

அந்தப் பின்வரிசைக்காரரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். பத்திரிகைகள் அவரைத் தற்காப்பு ஆட்டக்காரர் என்று எழுதுகின்றன. அவர் செய்யும் வேலை என்ன, அதை நம்பி ஒருவர் பிழைக்க முடியுமா என்று பார்ப்போம். உங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

முதலில் வேலை. முன்வரிசை ஆட்டக்காரர் பத்து முறை தவறலாம். பதினோராவது முறை கோல் போட்டால் பழையதெல்லாம் மறந்துபோகும். தற்காப்பு ஆட்டக்காரரின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. எண்பத்தொன்பது நிமிடம் குறையில்லாமல் ஆடிவிட்டுத் தொண்ணூறாவது நிமிடத்தில் ஒரு முறை தவறினால், ஊர் அந்த ஒன்றைத்தான் பேசும். ஆகவே அவருக்குக் காலை விடக் கண்தான் முக்கியம். பந்தை மட்டும் பார்த்தால் போதாது. தன் முதுகுக்குப் பின்னால் ஓடுகிறவன் யார், பக்கத்தில் நிற்கும் கூட்டாளி எந்த இடத்தில் இருக்கிறான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பின்வரிசை நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியவர்கள்போல ஒன்றாக முன்னேறி ஒன்றாகப் பின்வாங்க வேண்டும். ஒருவர் மட்டும் பின்தங்கினால் எதிராளி ஆஃப்சைடிலிருந்து தப்பித்துக்கொள்வான். அதனால் பின்வரிசைக்காரர் வாய் திறந்து பேசத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். கூச்சமுள்ள பையனை அங்கே நிறுத்தி வையுங்கள். இரண்டே மாதத்தில் அவன் குரல் உயர்ந்துவிடும்.

இந்த வேலையின் கனத்தை நம் நாடு மியூனிக்கில் கண்டது. 1972-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்கு மலேசியக் காற்பந்துக் குழு தகுதி பெற்றுச் சென்றது. அந்தப் பின்வரிசையில் நம்மவரான எம். சந்திரன் ஆடினார். மேற்கு ஜெர்மனியிடம் மூன்று கோலில் தோற்றோம். அமெரிக்காவை மூன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றோம். மொரோக்கோவிடம் ஆறு கோல் வாங்கினோம். ஒரே குழு, ஒரே மாதம். வென்ற நாளில் ஒரு கோலும் விடாத பின்வரிசைதான் இன்னொரு நாளில் ஆறு கோல் விட்டது. தற்காப்பு ஆட்டக்காரரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மியூனிக்கில் ஆடிய இன்னொரு தற்காப்பு ஆட்டக்காரர் சோ சின் ஆன். மலாக்காவைச் சேர்ந்தவர். ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தவுக்கே'. நம் தோட்டத்துக் கடையில் கடன் நோட்டு வைத்திருக்கும் தவுக்கே வேறு. இவர் திடலின் முதலாளி! அதிகம் ஓடமாட்டார். பந்து வரப்போகும் இடத்துக்கு முன்னதாகவே போய் நின்றுகொள்வார். பின்னாளில் அவரோடு நடுவில் இணைந்தவர் செத்தாப்பாக்கில் பிறந்த சந்தோக் சிங். சிலாங்கூர் ரசிகர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த இருவரையும் தாண்டி வருகிற பந்தை எடுக்க ஒரு தமிழர் இருந்தார். 1953-இல் போர்ட் கிள்ளானில் பிறந்த ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளைக் கொண்ட அந்தக் கோல் காவலரை நாடே 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தது. ஒரு சீனர், ஒரு சீக்கியர், ஒரு தமிழர் என்று அந்தக் கோல் முகத்தைக் காத்தார்கள்.

1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்ற கணக்கில் மலேசியா வென்றது. வெற்றி கோலைப் போட்டவர் ஜேம்ஸ் வோங். அந்தப் பெயரைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் இரண்டு கோல் போட்ட ஆட்டத்தில் வெற்றி வேண்டுமென்றால் எதிராளிக்கு ஒன்றுக்கு மேல் விடக்கூடாது. அந்தப் பாதி வேலையைச் செய்தவர்கள் பின்னால் நின்றவர்கள்.

வென்றும் அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. சோவியத் படைகள் 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் புறக்கணித்தது. நமக்குரிய இடத்தில் ஈராக் ஆடியது. ஆட்டக்காரரின் வாழ்க்கையில் முக்கியமான முடிவுகளைப் பல வேளைகளில் அவரல்லாத யாரோ எடுக்கிறார்கள். நியாயமா என்று கேட்டால், நாட்டின் கொள்கைக்கு முன்னால் ஓர் ஆட்டக்காரரின் ஆசை சிறியது என்பார்கள். இருந்தாலும் அந்த ஆண்டு சோ சின் ஆனுக்கு முப்பது வயது. அடுத்த ஒலிம்பிக் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஆறுமுகமோ 1988 டிசம்பரில், முப்பத்தைந்து வயதில், சாலை விபத்தில் காலமானார். 2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தக் கதை ஓரளவு தெரிந்திருக்கும்.

இனி பிழைப்பைப் பற்றிப் பார்ப்போம். அந்தக் காலத்தில் காற்பந்து ஒரு தொழிலாக இருக்கவில்லை. பகலில் வேலை, மாலையில் பயிற்சி. நம் நாட்டு லீக் 1989-இல் பாதித் தொழில்முறையாகவும் 1994-இல் முழுத் தொழில்முறையாகவும் மாறியது. அதே 1994-இல்தான் ஷா ஆலம் அரங்கமும் திறக்கப்பட்டது. அந்த நகரம் முன்பு சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த நிலம் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். பால் வெட்டிய மண்ணில் சிலாங்கூர் குழுவின் அரங்கம் எழுந்தது. 2024-இல் அதையும் இடிக்கத் தொடங்கினார்கள்.

தொழில் என்று வந்தவுடன் ஒப்பந்தம் என்ற காகிதமும் வந்துவிடுகிறது. இந்த இடத்தில் தொலைதூரத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். கனடாவில் பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டு ஹாக்கி ஆடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். அவர்களில் தற்காப்புக்கு இருவர். பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே எதிராளியைத் தடுக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் பாபி ஓர் என்ற தற்காப்பு ஆட்டக்காரர் இருந்தார். 1948-இல் ஒன்டாரியோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். பதினெட்டு வயதில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழுவில் சேர்ந்தார். பின்னால் நிற்க வேண்டியவர் முன்னால் பாய்ந்து கோலும் போட்டார். சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான பரிசைத் தொடர்ந்து எட்டு ஆண்டுகள் வென்றார். லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவருக்கான பரிசையும் இரு முறை பெற்றார். வேறெந்தத் தற்காப்பு ஆட்டக்காரருக்கும் அது கிட்டவில்லை.

ஆனால் அவருடைய இடது முழங்கால் முதல் ஆண்டிலேயே கெட்டது. மீண்டும் மீண்டும் அறுவைச் சிகிச்சை. 1978-இல், முப்பது வயதிலேயே ஆட்டம் முடிந்தது. ஒப்பந்தங்களையெல்லாம் ஆலன் ஈகிள்சன் என்ற வழக்கறிஞர் கவனித்துக்கொண்டார். பாபி அவரைச் சொந்த அண்ணன்போல நம்பினார். பாஸ்டன் குழு தன் உடைமையிலேயே ஒரு பங்கைத் தருவதாகச் சொல்லியிருந்தது. அந்தச் செய்தியை ஈகிள்சன் அவருக்குச் சொல்லவேயில்லை. பாபி சிக்காகோ குழுவுக்குப் போனார். ஓய்வு பெற்றபோது கையில் காசில்லை என்பது தெரிந்தது. ஈகிள்சன் 1998-இல் மோசடிக் குற்றங்களுக்காகச் சிறை சென்றார். அதற்குள் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

கைநாட்டு வைக்கச் சொன்ன இடத்தில் வைத்துவிட்டுக் கப்பலேறிய நம் பாட்டன்மாருக்கு இந்தக் கதை புதிதாக இருந்திருக்காது. நம் நாட்டு லீக்கிலும் ஆட்டக்காரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பள பாக்கி வைத்த குழுக்கள் உண்டு.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் மகனையோ மகளையோ ஒரு குழு அழைத்தால் மகிழுங்கள். பிறகு அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்களுக்கு வாசிக்க வராவிட்டால் பள்ளி ஆசிரியரிடமோ தொழிற்சங்கத்தில் விவரம் தெரிந்தவரிடமோ காட்டுங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, சம்பளம் எந்த நாளில், சேமநிதி கட்டுவார்களா என்று கேளுங்கள். முழங்கால் போய்விட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, அந்த மாதங்களில் சம்பளம் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். தற்காப்பு ஆட்டக்காரர் எதிராளியின் காலில் மோதித்தான் பிழைக்கிறார். மற்றவர்களைவிட அந்தப் பிரிவு அவருக்குத்தான் அதிகம் தேவைப்படும். அப்படி ஒரு பிரிவே அதில் இல்லையென்றால், எழுதித் தரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.