இடி முழங்கும்போது மரத்தடி ஏன் ஆகாது?

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலையில் நல்ல வெயில் அடிக்கும். பகல் ரெண்டு மணிக்கு மேல் வானம் இருட்டி இடி முழங்கும். மலையில் நிற்பவர்கள் கூடையோடு மரத்தடிக்கு ஓடுவார்கள். கேட்டால், "மழைக்குத்தானே ஒதுங்குறோம்" என்பார்கள். மழைக்குச் சரி. மின்னலுக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. காரணம் விளங்க, வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள்.

பிளாஸ்டிக் சீப்பால் காய்ந்த தலைமுடியைப் பத்துத் தடவை வாருங்கள். (எண்ணெய் வைத்த தலை சரிவராது.) சீப்பைச் சின்னக் கடதாசித் துண்டுகளுக்குக் கிட்டக் கொண்டு போனால், தொடுவதற்கு முன்பே அவை துள்ளி வந்து ஒட்டும். உரசும்போது இலத்திரன் எனும் நுண்ணிய துணிக்கைகள் முடியிலிருந்து சீப்புக்குப் போகின்றன. சீப்பில் மறை ஏற்றம் சேர்கிறது. முடியில் நேர் ஏற்றம் மிஞ்சுகிறது. ஒரே வகை ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும், வேறு வகையானால் இழுக்கும். ஏற்றத்தைச் சுற்றி அதன் பலம் எட்டும் இடத்தை மின்புலம் என்கிறோம். கிட்டப் போகப் போக அந்தப் பலம் கூடும். அந்தப் புலம்தான் கடதாசியின் இலத்திரன்களைச் சற்றுத் தள்ளி, சீப்பைப் பார்த்த பக்கத்தை நேராக்கி இழுக்கிறது.

மழை மேகத்துக்குள்ளும் இதே கதைதான். பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதி மோதி, பெரும்பாலும் மேகத்தின் அடியில் மறை ஏற்றம் சேர்கிறது. அது கீழே தரையிலுள்ள இலத்திரன்களைத் தள்ளுவதால் தரையின் மேற்பரப்பு நேராகிறது. மேகம் சீப்பு, நாம் கடதாசி!

மேகத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள மின்புலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. உயர்ந்து கூராக நிற்கும் பொருளின் நுனியில் அது நெருக்கிச் சேரும். சாதாரணமாகக் காற்று மின்சாரத்தைக் கடத்தாது. புலம் மிதமிஞ்சினால் அந்தக் காற்றே உடைந்து வழிவிடும். அந்த வழியில் 30,000 அம்பியர் அளவில் மின்னல் பாயும். மரத்தில் விழுந்தால் அடிமரத்திலிருந்து பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும். வேரைச் சுற்றிய மண்ணிலும் பரவும்.

கவ்வாத்துக் கத்தி மின்னலை இழுக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள். கையிலுள்ள சின்ன இரும்பை விட உயரம்தான் முக்கியம். இடுப்பளவுத் தேயிலைக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் ஆளே உயரம். குடை பிடித்தால் இன்னும் உயரம்.

மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையே எண்ணிப் பாருங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். 30 செக்கனுக்குள் சத்தம் கேட்டால், அல்லது தலைமுடி சிலிர்த்து எழும்பினால், உடனே மலையை விட்டு இறங்குங்கள். நான்கு பக்கமும் சுவருள்ள கட்டிடமோ, கூரையுள்ள இரும்பு வாகனமோ நல்லது. இரும்புக் கூட்டின் வழியாக மின்சாரம் வெளியாலேயே நிலத்துக்கு ஓடிவிடும். திறந்த கொட்டிலும் லொறித் தட்டும் உதவாது. லயத்துக்குள் இருந்தாலும் வயரையும் பைப்பையும் தொடாதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போகட்டும். எங்கும் போக முடியாவிட்டால், மரத்துக்கு விலகி, காலிரண்டையும் சேர்த்துக் குந்துங்கள். அது முழுப் பாதுகாப்பல்ல. வேறு வழியில்லாதபோது மட்டும்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் அடிக்கும் என்று தயங்கி நிற்பது பெரிய தவறு. அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சு நின்றிருந்தால் அந்த நிமிடமே நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்க வேண்டும். இன்னொருவர் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கட்டும்.