நூலகம் ஏன் திறந்திருக்க வேண்டும்?

‘பள்ளி நூலகத்தை மாலை வரை திறந்து வைக்க வேண்டும். ஏனென்றால், நூலகம் திறந்திருப்பது மாணவர்களுக்கு மிகவும் அவசியம்.’

வாதக் கட்டுரைப் பயிற்சியில் படிவம் மூன்று மாணவி ஒருத்தி எழுதியது இது. ‘ஏனென்றால்’ இருக்கிறது, காரணத்தைத்தான் காணோம். முதல் வரியே வேறு சட்டை போட்டுக்கொண்டு இரண்டாம் வரியாக வந்து நிற்கிறது. அடுத்த பத்தியில் ஒரு திருக்குறள். குறளைச் சேர்த்துவிட்டால் வாதம் வென்றுவிடும் என்று பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! (ஆசிரியர்களாகிய நாங்களாகத்தான் இருக்கும்.) கல்வியின் பெருமையை வள்ளுவர் சொல்லிவிட்டார். நூலகத்தை எத்தனை மணிக்குப் பூட்டுவது என்பதற்கு நாம்தான் காரணம் காட்டியாக வேண்டும்.

வாதிடும் முறையை மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் மணிமேகலையின் 29ஆம் காதையைப் புரட்டிப் பார்க்கலாம். அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை கற்பிக்கும் இடம் அது. நிறுவ வேண்டிய கூற்று பக்கம். அதற்கான காரணம் ஏது. கேட்பவரும் ஒப்புக்கொள்ளும் எடுத்துக்காட்டு திட்டாந்தம். அந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிகிறதே என்பது ஏது. அடுக்களையில் நெருப்பும் புகையும் சேர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறோமே என்பது திட்டாந்தம். இவை பழுதுபட்டால் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பெயரும் உண்டு.

மாணவியை அழைத்துக் கேட்டேன்.

“உனக்கு எதுக்கும்மா நூலகம்?”

“பள்ளி 1.30க்கு முடிஞ்சிடும் டீச்சர். பஸ் 3 மணிக்குத்தான் வரும். அதுவரைக்கும் சிற்றுண்டிச்சாலையில சும்மாதான் உட்கார்ந்திருப்போம்.”

“எத்தனை பேர்?”

அவள் எண்ணியதில்லை. மறுநாள் எண்ணிக்கொண்டு வந்தாள்: 17 பேர். கட்டுரையில் இல்லாத ஏது, தினமும் அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே இருந்திருக்கிறது.

இதோடு கூற்று நிலைபெற்றுவிடும். ஆனால் படிப்பவரை இணங்க வைக்க இன்னொன்றும் வேண்டும். இதைப் படிக்கப் போகிறவர் தலைமையாசிரியர் என்றால், அவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி எது? ‘யார் பார்த்துக்கொள்வது?’ மாணவர்கள் பெரும்பாலும் இந்த மறுப்பைக் கண்டும் காணாமல் கடந்துவிடுவார்கள். எதிர்த்தரப்பைச் சொன்னால் தம் தரப்பு பலவீனமாகிவிடும் என்ற பயம். நன்னூல் பாயிரம் அடுக்கும் ஏழு வகை மதங்களில், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவதும் ஒன்று. என் அனுபவத்தில் பிள்ளைகளுக்கு ஆகக் கடினமாக இருப்பது இதுதான். ஏற்றுக்கொள்ளும்போது மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒப்புக்கு ஒரு வரி எழுதினால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாம் முறை அவள் எழுதி வந்தது இப்படி: ‘ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பது உண்மை. பள்ளி முடிந்த பிறகும் இருக்கச் சொல்வது நியாயமில்லை. அதனால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நூலகக் குழு மாணவர்களின் பொறுப்பில், ஒரு மாதம் திறந்து பார்க்கலாம்.’ குறள் இல்லை. ‘மிகவும் அவசியம்’ இல்லை.

கட்டுரைக்கு மதிப்பெண் போட்டாயிற்று. அதையே கடிதமாக்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.