காளிக்குப்பத்து அக்கா

இரண்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது, 26 பிள்ளைகளும் சத்தமில்லாமல் உள்ளே வந்து நின்றார்கள். கணினியில் இருந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தோம் என்றார்கள். புரிந்ததா? ஒன்றும் புரியவில்லை. எத்தனை நாள் பார்த்தீர்கள்? தினமும். புரியாத ஒன்றை இரண்டு மாதமாக ஏன் தினமும் பார்த்தீர்கள் என்று அவர் வியந்து நின்றபோது, 12 வயதுச் சிறுமி ஒருத்தி கையைத் தூக்கினாள். டி.என்.ஏ. மூலக்கூறு தன்னைப் படியெடுத்துக்கொள்ளும்போது பிழை நேர்ந்தால் மரபு நோய் வரும், அதைத் தவிர வேறெதுவும் விளங்கவில்லை என்று சொன்னாள்.

கேட்டவர் சுகதா மித்ரா. இயற்பியல் படித்து, பிறகு கல்வி ஆராய்ச்சிக்கு வந்தவர். இடம், சுனாமியில் அடிபட்ட காளிக்குப்பம் என்ற கடலோரக் கிராமம். பிள்ளைகளின் வீட்டுமொழி தமிழ். கணினியில் இருந்ததோ கல்லூரியில் சொல்லித்தரும் உயிரித் தொழில்நுட்பப் பாடம், அதுவும் முழுக்க ஆங்கிலத்தில். இந்தச் சம்பவத்தை 2010ஆம் ஆண்டு ஓர் உரையில் மித்ராவே விவரித்திருக்கிறார். அதே ஆண்டில் ஆய்வுக் கட்டுரையும் வெளியானது. அதன் தலைப்பிலேயே ‘எல்லைகள்’ என்ற பொருள் தரும் சொல் இருக்கிறது. எல்லையைத் தேடித்தான் அவர் காளிக்குப்பத்துக்குப் போனார். பிள்ளைகள் பூஜ்யம் வாங்குவார்கள், ஆசிரியர் இல்லாமல் முடியாத பாடங்களும் உண்டு என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் தேர்வு வைத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 30 வந்தது.

இந்த 30ஐப் பற்றி உலகம் நிறையப் பேசிவிட்டது. எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

1999 ஜனவரியில் தில்லி கால்காஜியில் மித்ரா வேலை பார்த்த நிறுவனத்தின் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் குடிசைப் பகுதி. சுவரில் ஓட்டை போட்டு, இணைய இணைப்போடு ஒரு கணினியைப் பதித்து வைத்தார்கள். எப்படி இயக்குவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. சில மணி நேரத்துக்குள் பிள்ளைகள் திரையில் அங்குமிங்கும் போய்வரத் தொடங்கிவிட்டார்கள். பெயர் தெரியாத பொருள்களுக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். திரையில் நகரும் அம்புக்குறிக்கு ‘ஸூயீ’, அதாவது ஊசி. கணினி வேலையாக இருக்கும்போது தோன்றும் மணற்கடிகாரத்துக்கு ‘டம்ரூ’. சிவன் கையில் இருக்கும் உடுக்கை. இரண்டு பக்கமும் அகன்று இடை சிறுத்த அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளைக்கு மணற்கடிகாரம் ஏன் நினைவுக்கு வரப்போகிறது? அது கண்டதேயில்லையே. உடுக்கையைக் கண்டிருக்கிறது. தெரிந்த ஒன்றின் மேல் தெரியாததைக் கொண்டுபோய் வைத்த அந்த நொடியில் கற்றல் நடந்துவிட்டது.

அங்கே இன்னொன்றும் நடந்தது. திரை ஒன்று, கை ஒன்று, சுற்றிலும் தலைகள். ஒருவன் இயக்க, மற்றவர்கள் ‘அங்கே அழுத்து, இல்லையில்லை மேலே’ என்று கத்துவார்கள். கை வைக்காதவர்களும் கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் பள்ளிகளுக்குள் இதே முறையைக் கொண்டுபோனபோதும் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு கணினிதான் கொடுத்தார் மித்ரா. ஆளுக்கொரு கைபேசியோடு மூலைக்கொருவராக உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இனி காளிக்குப்பம். 30 வந்ததும் மித்ராவுக்கு ஆசை வந்தது. தேர்ச்சி பெற 30 போதாதே. ஆனால் அந்த ஊரில் உயிரியல் ஆசிரியருக்கு எங்கே போவது? பிள்ளைகளோடு பந்து விளையாடும் 22 வயதுப் பெண் ஒருவர் இருந்தார். ஒரு தொண்டு அமைப்பில் கணக்கு எழுதும் வேலை. இவர்களுக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டதற்கு, எனக்கு உயிரியலே தெரியாதே என்றார். அப்படியானால் பாட்டி செய்வதைச் செய்யுங்கள் என்றார் மித்ரா. பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அட, இது எப்படி வந்தது, அடுத்து என்ன, எனக்கும் காட்டேன் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அக்கா மேலும் இரண்டு மாதம் அப்படியே செய்தார். மதிப்பெண் 50ஐத் தொட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியர் பாடம் நடத்தும் வசதியான தில்லித் தனியார் பள்ளியின் மாணவர்கள் வாங்கியதும் ஏறத்தாழ அதே அளவு.

பாடமே தெரியாத ஒருவர் பின்னால் நின்றதில் எப்படி 20 மதிப்பெண் ஏறியது? பாராட்டு தந்த ஊக்கம் என்று சொல்லிவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1994இல் மிஷலின் சீ என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மனித உடலின் ரத்த ஓட்டம் பற்றி 101 வாக்கியம் கொண்ட பாடம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்துவிட்டு, தமக்கு விளங்கியதைத் தம் வாயால் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதே பாடத்தை இரண்டு முறை வாசித்தால் போதும். வாய்விட்டு விளக்கிப் பார்த்த பிள்ளைகளே அதிகம் கற்றார்கள். இதயத்தின் இரண்டு பக்கமும் ஏன் பிரிந்திருக்கிறது என்பதுபோல நேரடியாகப் பாடத்தில் விடை இல்லாத கேள்விகளில் அவர்கள் கை இன்னும் ஓங்கியது. சொல்லத் தொடங்கும்போதுதான் எந்த இடத்தில் தனக்குப் புரியவில்லை என்பது பிள்ளைக்கே தெரிகிறது. வாசிக்கும்போது அந்த ஓட்டைகள் கண்ணில் படுவதில்லை.

அக்கா கேட்ட ‘அடுத்து என்ன?’ அந்த வேலையைத்தான் செய்திருக்க வேண்டும். அவருக்கு உயிரியல் தெரியாததும் ஒரு விதத்தில் வசதி. தெரிந்தவர் பாதியிலேயே விடையை எடுத்துக்கொடுத்துவிடுவார். தெரியாதவர் முழுவதும் கேட்பார்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் நேர்மையாக இருக்காது. தில்லியில் சுவர்க் கணினிகளைப் போய்ப் பார்த்த மார்க் வார்ஷாவர் என்ற ஆய்வாளர், இணையம் பெரும்பாலும் வேலை செய்யவில்லை, இந்தியில் பாடங்கள் இல்லை, பிள்ளைகள் அதிகமும் விளையாட்டிலும் படம் வரைவதிலும் பொழுதைக் கழித்தார்கள் என்று பதிவு செய்தார். பாயல் அரோரா என்ற இன்னோர் ஆய்வாளர் உத்தராகண்ட் மலைப்பகுதியில் அல்மோராவுக்கும் ஹவால்பாகுக்கும் போனபோது, அங்கு வைக்கப்பட்டிருந்த சுவர்க் கணினிகள் செயலிழந்து கிடந்தன. அவர் அதை 2010இல் எழுதினார். காளிக்குப்பம் வியப்பூட்டிய அதே ஆண்டில்தான் இதுவும் வெளிவந்தது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பெரு நாட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆராய்ந்த முடிவு 2012இல் வந்தது. 15 மாதம் ஆன பிறகும் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. பெட்டி வந்து சேர்ந்தது, பின்னால் நிற்க ஆள் வரவில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பள்ளிக்கு வெளியே பிள்ளைகள் கற்பது கணினி வருவதற்கு முன்பும் இருந்ததுதான். அதை மிகக் கிட்டத்தில் போய்ப் பார்த்த ஆய்வு ஒன்று 1985இல் வெளியானது. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் விற்பனை செய்யும் சிறுவர்களிடம் வாடிக்கையாளர்போலப் போய்ப் பேச்சுக்கொடுத்தார்கள். தேங்காய் விற்கும் 12 வயதுப் பையன். ஒரு காய் 35. பத்துக் காய் எவ்வளவு என்று கேட்டார்கள். பக்கத்தில் பூஜ்யம் சேர்க்கும் பள்ளி வழி அவனுக்குத் தோன்றவில்லை. மூன்று காய் 105, இன்னொரு மூன்று சேர்ந்தால் 210, இன்னும் நான்கு வேண்டும் என்று படிப்படியாக ஏறி 350க்கு வந்து நின்றான். இப்படித் தெருவில் கேட்ட கணக்குகளில் அந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது அது 37 சதவீதமாக விழுந்தது. கதைபோலச் சொல்லிக் கேட்டால் 74.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2025இல், கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளை வைத்து பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் ஏறக்குறைய இதையே கண்டார்கள். சந்தைப் பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இந்த இரண்டாவது வரி எனக்கு முதல் வரியைவிட அதிகக் கவலை தருகிறது. இரண்டு கரையிலும் அறிவு இருக்கிறது. நடுவில் ஆற்றைக் கடத்திவிடப் படகோட்டி வேண்டும். தேங்காய்ப் பையனிடம் ‘210 எப்படி வந்தது, சொல்லு பார்ப்போம்’ என்று வகுப்பில் ஒருவர் கேட்டிருந்தால், அவன் செய்வதும் பெருக்கல்தான் என்று அவனுக்கே தெரிய வந்திருக்கும்.

தமிழ்நாட்டிலும் காளிக்குப்பத்து அக்காவைப் போன்றவர்கள் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். கொரோனாவில் பள்ளிகள் 18 மாதம்வரை மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது. மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். திண்ணை, கோயில் மண்டபம், வீட்டு முற்றம் என எங்கே இடம் கிடைத்தாலும் வகுப்பு. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், அநேகமாக எல்லாரும் பெண்கள், அதே ஊர்க்காரர்கள். மாதம் 1,000 ரூபாய். கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த பொருளாதார ஆய்வாளர்கள், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்று கண்டார்கள். அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இந்தத் திண்ணை வகுப்புகளால் வந்தது.

அப்படி ஒரு வகுப்பைக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். விளக்கு வைக்கிற நேரம். நாம் நடந்தால் நிலாவும் ஏன் கூடவே வருகிறது என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் கேட்டான். அக்காவுக்கு விடை தெரியவில்லை. கைபேசியை நடுவில் பாயின் மேல் வைத்தார். ஐந்தாறு தலைகள் அதைச் சுற்றிக் குனிந்தன. ஒலிவாங்கிப் படத்தை யார் அழுத்துவது என்று சின்னத் தகராறு. ஒரு சிறுமி அழுத்தி, நிதானமாகத் தமிழில் கேட்டாள். திரையில் ஏதோ வந்தது. அக்கா அதை வாசிக்கவில்லை. கைபேசியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, “என்னம்மா போட்டிருக்கு? எனக்கும் சொல்லேன்” என்றார்.

அவள் வாசித்தாள். நிலா ரொம்பத் தூரத்தில் இருக்கிறது என்றாள். பிறகு நிறுத்தி, தலையைத் தூக்கி மண்டபத்துக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தாள். “மரம் கிட்டத்துல இருக்கு, அதனால அது பின்னால போயிடுது. நிலா...” என்று இழுத்தாள்.

“ம், நிலா?” என்றார் அக்கா.