றம்பொடையில் பிறந்த ராசம்மா

சிங்களப் பேசும்படத்தின் முதல் கதாநாயகி ருக்மணி தேவி. வீட்டார் வைத்த பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். 1923 ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்து றம்பொடையில், கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜோன் டேனியல்ஸ் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர். ஆகவே ராசம்மா தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளை அல்லர். பிறந்தது மட்டும் தேயிலை மலையில். பிறகு குடும்பம் கொழும்புக்கு இறங்கிவிட்டது. ஏழு வயதில் பள்ளிக்கூடத்து நத்தார் நாடகமொன்றில் நடித்ததுதான் தொடக்கம்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் மேடையேறுவது லேசான காரியமில்லை. லுணுகலை, மடுல்சீமை, பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து ஆடும்போது காமனின் மனைவி ரதிக்கும் ஆண்பிள்ளையே வேடம் கட்டுவது வழக்கம். சேலை உடுத்தி, வளையல் போட்டு, விடிய விடிய ஆடுகிற அந்த ரதியைப் பார்த்து லயத்துப் பெண்கள் கண் கலங்குவார்கள்; அவர்களுள் ஒருத்தி இறங்கி ஆடுவதை மட்டும் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. கொழும்பில் நிலைமை சற்று வேறு. 1911இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தில் ‘நூர்த்தி’ எனப்படும் இசை நாடகங்கள் நடந்தன. அங்கே அனி பொத்தேஜு, லட்சுமி பாய் போன்ற நடிகைகள் ஏற்கெனவே பெயர் எடுத்திருந்தார்கள். கைதட்டல் கிடைத்தது; ஆனால் மரியாதை எப்போதும் கிடைத்தது என்று சொல்ல முடியாது.

அந்த மேடைக்குத்தான் ராசம்மா வந்து சேர்ந்தார். 1936இல் டிக் டயஸின் ‘ராமாயணய’ நாடகத்தில் அவருக்குச் சீதை வேடம். சீதை சிறையிருந்ததாக மக்கள் நம்பும் சீதா எலியவும் நுவரெலியா மலையில்தான் இருக்கிறது என்பது தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ருக்மணி தேவி என்ற பெயர் மேடைக்காக வைத்தது. 1930களின் இறுதியில் எச்.எம்.வி. கம்பெனி அவர் குரலை இசைத்தட்டில் பதித்தது. எச். டபிள்யூ. ரூபசிங்க மாஸ்டரோடு சேர்ந்து பாடிய அந்தப் பாட்டு, புத்தகயா விகாரையைப் போற்றும் பக்திப் பாட்டு. கிறிஸ்தவப் பெண்ணின் குரலில் அதைக் கேட்டு உருகுவதில் பௌத்த வீடுகளுக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை.

நீர்கொழும்பில் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன நடத்திய மினர்வா நாடகக் குழு அவரை முழுநேர நடிகையாக்கியது. நாடகங்களை எழுதி நடத்தியவர் ஜயமான்ன. நகைச்சுவைக்கு அவர் தம்பி எடி. பாட்டுக்கும் கண்ணீருக்கும் ருக்மணி. எடியை அவர் மணந்துகொண்டார்.

இந்தக் குழுவின் ‘கடவுனு பொறொந்துவ’ நாடகம் நல்ல வரவேற்புப் பெற்றிருந்தது. அதைப் படமாக்க முன்வந்தவர் தமிழரான எஸ். எம். நாயகம். இலங்கையில் அப்போது பேசும்படம் எடுக்க ஸ்டூடியோ கிடையாது. குழு கடல் கடந்து மதுரைக்குப் போயிற்று. நாயகத்தின் சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவில் படப்பிடிப்பு நடந்தது. நெறியாளர் ஜோதிஷ் சிங் இந்தியர், இசையமைத்த நாராயண ஐயர் தமிழர், கதாநாயகி ராசம்மா. 1947 ஜனவரி 21ஆம் திகதி படம் கொழும்பில் திரையிடப்பட்டபோது, தங்கள் மொழி திரையில் பேசுவதைச் சிங்கள மக்கள் முதன்முறையாகக் கேட்டார்கள்.

தமிழிலும் மேடைதான் திரைக்கு முதல் நாயகியைக் கொடுத்தது. 1931இல் வெளியான ‘காளிதாஸ்’ படத்தின் டி. பி. ராஜலட்சுமி சிறுவயதிலிருந்தே நாடகக் கம்பெனிகளில் நடித்தவர். ஒலிபெருக்கி வராத காலத்து மேடையில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடத் தெரிந்தவருக்கே பேசும்படத்தில் முதலிடம். ராஜலட்சுமி 1936இல் ‘மிஸ் கமலா’வைத் தாமே இயக்கினார். ருக்மணிக்கு அப்படியொரு வாய்ப்பு அமையவில்லை. கடைசிவரை மற்றவர்கள் எழுதிய பாத்திரங்களுக்கே உயிர் கொடுத்தார்.

‘கபடி ஆரக்ஷகயா’ (1948), ‘உமது விஸ்வாசய’ (1952) என்று மினர்வாவின் படங்கள் தொடர்ந்தன. நாடகத்தில் நடித்தவர்களே படத்திலும் நடித்தார்கள். கெமரா கொட்டகையின் முன்வரிசையில் உட்கார்ந்த ரசிகனைப் போல அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. மெட்டுகளில் பல தமிழ், இந்திப் படங்களிலிருந்து வந்தவை. விமர்சகர்கள் இவற்றை ‘படம் பிடித்த நாடகம்’ என்று ஒதுக்கினார்கள். அது நியாயமான குறைதான். ஆனால் ஜனங்கள் காசு கொடுத்து வந்தது ருக்மணியின் பாட்டுக்கு. சேலத்தில் பிறந்த மொஹிதீன் பேக்குடன் அவர் பாடிய ஜோடிப் பாட்டுகளும், தனியே பாடிய ‘மல்பர ஹிமிதிரியே’யும் இன்றைக்கும் வானொலியில் வருகின்றன.

முதல் படம் வந்த மறு வருடமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. சிங்கள சினிமாவுக்குத் தமிழ் முதலாளியும் தமிழ் ஸ்டூடியோவும் தமிழ்ப் பெயர் கொண்ட நாயகியும் அத்திவாரம் போட்ட அதே காலம் அது. சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவது குறைவு.

1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ வந்தது. ஸ்டூடியோவை விட்டு வெளியே, நிஜமான கிராமத்தில் எடுத்த படம். அதன் பிறகு நாடகப் பாணி நடிப்புக்கு மவுசு குறைந்தது. புது முகங்கள் வந்தார்கள். ருக்மணிக்கு நாயகி வேடங்கள் அருகி, குணச்சித்திர வேடங்கள் மிஞ்சின. பாட்டு மட்டும் அவரைக் கைவிடவில்லை. 1970களில் இளைஞர்களின் பொப் இசைக் குழுக்களோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். ஐம்பது வயது தாண்டிய பெண் மைக் முன் நின்று பழைய பாட்டைத் தொடங்கினால், கிட்டார் வாசிக்கும் பையன்கள் அவர் வேகத்துக்கு ஈடுகொடுத்தாக வேண்டும்.

1978 ஒக்டோபரில் மாத்தறை உயன்வத்தை மைதானத்தில் அப்படியொரு நிகழ்ச்சி. அதை முடித்துக்கொண்டு வீடு திரும்பும் வழியில், 28ஆம் திகதி, ஜா-எல துடெல்லவில் வான் விபத்துக்குள்ளாகி ருக்மணி தேவி உயிரிழந்தார். வயது 55. நீர்கொழும்பு மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அந்நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. மலையகத்துக் கலை வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் றம்பொடை ராசம்மாவுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.